போர்ட் ஆஃப் ஸ்பெயினிலிருந்து ஒரு நாள் பயணங்கள்: மாமியார், மகன், கார் இல்லாத வார நாட்கள்

மாம்பலம்_மல்லி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். என் கணவருக்கு டிரினிடாட்டில் சில மாத வேலை. ஆலை இருப்பது பாயின்ட் லிசாஸில், வீடு கொடுத்திருப்பது தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினில். மார்ச் மாதம் நானும் பத்து வயது மகனும் மாமியாரும் அங்கே போகிறோம். வார நாட்களில் காரை அவர் எடுத்துப் போய்விடுவார். வீட்டுக்குள் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்ப்பதற்காக இத்தனை கடல் தாண்டிப் போக எனக்கு மனமில்லை.

காலையில் கிளம்பி இரவுக்குள் திரும்பிவிடக்கூடிய இடங்களைச் சொல்லுங்கள். மாமியாருக்கு அறுபத்தாறு வயது, முழங்கால் வலி, சுத்த சைவம். மகனுக்குப் பாம்பு, முதலை என்றால் உயிர். எனக்குக் கடற்கரையில் மணிக்கணக்கில் படுத்துக் கிடக்கும் வழக்கமில்லை. இணையத்தில் கிடைக்கும் பட்டியல்கள் எல்லாம் கப்பலில் வந்து இறங்குபவர்களுக்காக எழுதியவையாகத் தெரிகின்றன.

கப்பல்காரன் எழுதியது:

பக்கத்துத் தீவான டொபேகோ போங்கள். வேறெதுவும் வேண்டாம். துறைமுகத்தில் காலையில் அதிவேகப் படகு ஏறினால் மூன்று, மூன்றரை மணி நேரத்தில் ஸ்கார்பரோ. கண்ணாடித் தரை படகில் பக்கூ பவளப்பாறை, நைலான் குளம். ஊர் திரும்பியபின் பேச அது ஒன்றே போதும்.

கரோனிக்கரை எழுதியது:

கப்பல்காரருக்கு மூன்றரை மணி நேரக் கடல் ஒரு பொருட்டே இல்லை. முழங்கால் வலியுள்ள அம்மாவுக்குப் போக மூன்றரை, வர மூன்றரை என்றால் ஏழு மணி நேரம் அலையில் ஆடியதுதான் மிச்சம். டொபேகோ போகும்போது படகு அலைக்கு எதிராகப் போகிறது, வாந்தி எடுப்பவர்கள் நிறையப் பேர். டொபேகோவுக்கு விமானத்தில் இருபத்தைந்து நிமிடம்தான். ஒரு வார இறுதியில் கணவரோடு போய், ஒரு இரவாவது தங்குங்கள். அதை ஒரு நாள் பயணத்தில் சேர்க்காதீர்கள்.

நான் செயின்ட் அகஸ்டின் பக்கம் வசிக்கிறேன். இந்தத் தீவில் தூரத்தைக் கிலோமீட்டரில் கணக்குப் போட்டால் ஏமாந்துவிடுவீர்கள், நேரத்தில்தான் போட வேண்டும். தலைநகரிலிருந்து ஒரு பெருஞ்சாலை கிழக்கே போகிறது, சர்ச்சில்-ரூஸ்வெல்ட் நெடுஞ்சாலை. அதிலிருந்து பிரிந்து தெற்கே போவது யூரியா பட்லர் நெடுஞ்சாலை. காலையில் தீவு முழுவதும் இந்த இரண்டின் வழியாகத்தான் தலைநகருக்கு வேலைக்கு வருகிறது. மாலை மூன்று மணியிலிருந்து அதே கூட்டம் வெளியே போகிறது. நீங்கள் காலையில் நகரை விட்டு வெளியே போய் இருட்டும் நேரத்தில் உள்ளே வந்தால், இரண்டு வேளையும் நெரிசலுக்கு எதிர்த்திசையில் இருப்பீர்கள். மதியம் சாப்பிட்டுவிட்டு நிதானமாகக் கிளம்பினீர்களோ, போச்சு.

இன்னொன்று, உங்கள் கணவர் தினமும் பாயின்ட் லிசாஸ் போகும் அதே வழியில்தான் பாதி இடங்கள் இருக்கின்றன. சகுவானாஸ், காரபிச்சைமா, வாட்டர்லூ, கரோனி சதுப்பு நிலம் எல்லாம் அந்தச் சாலையை ஒட்டியவை. காலையில் அவரோடு ஏறி வழியில் இறங்கிக்கொள்ளுங்கள். மாலையில் அவரே வந்து அழைத்துக்கொள்ளட்டும். கார் இல்லை என்ற கவலையில் பாதி அப்போதே தீர்ந்தது.

நாரைநோக்கி எழுதியது:

கரோனி என்ற பெயரைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

கரோனி சதுப்பு நிலம் நகரிலிருந்து அரை மணி நேரம்கூட இல்லை. மாலை நான்கு மணி சுமாருக்கு நெடுஞ்சாலையை ஒட்டிய படகுத்துறையிலிருந்து தட்டையான அடிப்பாகமுள்ள படகுகள் கிளம்பும். முதல் ஒரு மணி நேரம் அலையாத்திக் காட்டுக்குள் குறுகலான வாய்க்கால்களில் மெதுவாகப் போவார்கள். தலைக்கு மேல் கிளையில் மலைப்பாம்பு இனத்து மரப்பாம்பு சுருண்டு கிடக்கும். படகோட்டி இயந்திரத்தை அணைத்துவிட்டுக் கையைக் காட்டுவார். உங்கள் மகனுக்கு அங்கேயே பயணச் செலவு வசூலாகிவிடும். நாற்கண் மீன் என்று ஒன்று உண்டு. அதன் கண் இரண்டு பகுதியாகப் பிரிந்திருக்கும், மேல்பாதி நீருக்கு வெளியேயும் கீழ்பாதி நீருக்குள்ளேயும் பார்க்கும். பட்டு எறும்புண்ணி என்ற சிறு விலங்கு கிளையில் உருண்டையாகத் தூங்கும். அதைக் கண்டுபிடிக்கப் படகோட்டியின் கண் வேண்டும்.

பிறகு திறந்த நீர்ப்பரப்புக்கு வந்து, சின்னத் தீவு ஒன்றுக்கு எதிரே தொலைவில் படகைக் கட்டிவிடுவார்கள். சூரியன் இறங்க இறங்க செந்நிற அரிவாள்மூக்கன்கள் வரத் தொடங்கும். முதலில் இரண்டு மூன்று, பிறகு பத்து இருபது, பிறகு எண்ணுவதை விட்டுவிடுவீர்கள். பச்சை மரம் கண்ணெதிரே சிவப்பாகிறது. இதுதான் டிரினிடாட்டின் தேசியப் பறவை, ஒரு டாலர் நோட்டிலும் இருக்கிறது. குஞ்சுப் பருவத்தில் இது பழுப்பு நிறம்தான். தின்னும் நண்டு, இறால் வகைகளில் உள்ள நிறமிதான் சிறகுக்கு அந்தச் சிவப்பைத் தருகிறது. சிலர் இதை இறைச்சிக்காகத் திருட்டுத்தனமாக வேட்டையாடி வந்தார்கள். 2018இல் அரசு இதைச் சிறப்புப் பாதுகாப்புக்குரிய இனமாக அறிவித்துத் தண்டனையைக் கடுமையாக்கியது.

ஒரு எச்சரிக்கை. முதல் தடவை நான் ஒரு சுற்றுலா ஏற்பாட்டாளர் மூலம் போனேன், பெயர் வேண்டாம். கப்பல் பயணிகளை நேரத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று, பறவைகள் வந்து அடையும் முன்பே படகைத் திருப்பிவிட்டார்கள். பதிவு செய்யும்போதே ‘இருட்டும் வரை நிற்பீர்களா’ என்று கேளுங்கள். மார்ச்சில் சூரியன் ஆறேகால் வாக்கில்தான் மறையும்.

மாம்பலம்_மல்லி எழுதியது:

நாரைநோக்கி, மகனுக்குப் படித்துக் காட்டினேன். இப்போதே பெட்டி கட்டுகிறான். படகில் ஏறி இறங்குவது மாமியாருக்குச் சிரமமா? கொசு?

நாரைநோக்கி எழுதியது:

சின்னப் படித்துறை, படகோட்டி கை கொடுப்பார். ஏறிவிட்டால் இரண்டு இரண்டரை மணி நேரம் உட்கார்ந்தே இருக்கலாம். இயந்திரம் ஓடும் வரை கொசு குறைவு, நின்றால் வரும். முழுக்கைச் சட்டையும் கொசு விரட்டிக் களிம்பும் எடுத்துக்கொள்ளுங்கள். படகில் கழிப்பறை கிடையாது, அதை மட்டும் மாமியாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

காரைக்கால்_பேரன் எழுதியது:

பறவைக்கு இத்தனை பத்தி, மனிதர்களுக்கு ஒன்றுமில்லையா?

வாட்டர்லூவில் கடலுக்குள் ஒரு கோயில் இருக்கிறது. அதைக் கட்டத் தொடங்கியவர் சிவதாஸ் சாது, கரும்புத் தோட்டக் கூலித் தொழிலாளி. 1947இல் கடற்கரையோரம் ஒரு சிறு கோயில் கட்டினார். நிலம் சர்க்கரை நிறுவனத்துக்குச் சொந்தம். 1952இல் கோயிலை இடித்துத் தள்ளினார்கள், அவருக்கு அபராதமும் சிறையும். வெளியே வந்த மனிதர், நிலம்தானே உங்களுடையது, கடல் யாருடையது என்று கடலுக்குள்ளேயே கட்டத் தொடங்கினார். சைக்கிளில் இரண்டு வாளி மாட்டி, அலை வடியும் நேரம் பார்த்துக் கல்லும் மண்ணும் கொண்டுபோய்க் கொட்டிக் கொட்டி, தனி ஆளாகப் பல ஆண்டுகள் உழைத்தார். இப்போது நாம் பார்ப்பது, இந்தியர்கள் அந்தத் தீவுக்கு வந்த 150ஆம் ஆண்டான 1995ஐ ஒட்டி அரசு எடுத்துக் கட்டியது.

மல்லி அவர்களே, உங்கள் மாமியாரை முதலில் அங்கே அழைத்துப் போங்கள். கரையிலிருந்து கோயில் வரை தட்டையான நடைபாதை, படிகள் அதிகமில்லை. கடல் உள்வாங்கும் நேரத்தில் இரண்டு பக்கமும் சேறு தெரியும், அதில் மூங்கில் கம்பங்களில் கட்டிய கொடிகள் நிற்கும். பக்கத்திலேயே கடற்கரை மயானம். ஆற்றங்கரையில் நடக்க வேண்டியதை இங்கே கடற்கரையில் செய்கிறார்கள். வார நாளில் கருவறைக் கதவு பூட்டியிருக்கலாம், வெளியே நின்று கும்பிடத் தடையில்லை. அருகிலேயே இந்திய கரீபியன் அருங்காட்சியகம் உண்டு, திறந்திருக்கும் நாளைக் கேட்டுக்கொண்டு போங்கள். சற்றுத் தள்ளி காரபிச்சைமாவில் 85 அடி அனுமன். சுற்றியுள்ள கோயில் வேலைப்பாடு முழுக்க நம் தென்னாட்டு முறை.

அமைதிவிரும்பி எழுதியது:

கேட்கவே எல்லாம் நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த ஊரில் கொலை, கொள்ளை எவ்வளவு என்று யாராவது சொன்னீர்களா? அண்மையில் அவசரநிலை அறிவித்ததெல்லாம் செய்தியில் வந்ததே. வயதானவரையும் குழந்தையையும் வைத்துக்கொண்டு ஊர் சுற்ற வேண்டுமா?

கரோனிக்கரை எழுதியது:

நியாயமான கேள்விதான், மழுப்ப மாட்டேன். தலைநகரின் கிழக்கே மலைச்சரிவுக் குடியிருப்புகளுக்குள் வெளியூர்க்காரர் போக வேண்டியதில்லை. இருட்டிய பிறகு நகர மையத்தில் நடக்க வேண்டாம். ஆளில்லாத மலைப்பாதை, அருவிப் பாதைகளுக்குத் தனியாகப் போகக் கூடாது, உள்ளூர் வழிகாட்டியோடு குழுவாகப் போக வேண்டும். கழுத்திலும் கையிலும் தங்கம் தெரியக் கூடாது. வாடகைக் காரில் பொருட்களை இருக்கை மேல் வைத்துவிட்டு இறங்காதீர்கள். இவற்றைக் கடைப்பிடித்து இங்கே குடும்பம் நடத்துகிறோம், குழந்தைகள் பள்ளிக்குப் போகிறார்கள்.

கூடவே ஒன்று. மகனிடம் ராணுவ உடைபோல் திட்டுத் திட்டான வடிவத்தில் கால்சட்டை, தொப்பி, பை ஏதாவது இருந்தால் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். பொதுமக்கள் அந்த வடிவத்தில் எதையும் அணிவது இங்கே சட்டப்படி குற்றம். குழந்தை என்றாலும் விமான நிலையத்திலேயே பிடுங்கிக்கொள்வார்கள்.

மாம்பலம்_மல்லி எழுதியது:

அவனிடம் அப்படி ஒரு பை இருக்கிறது! நல்ல வேளை சொன்னீர்கள். மாமியாரின் சங்கிலி விவகாரம்தான் பெரிது. கழற்றச் சொன்னால் வீட்டில் போர் மூளும். மேலே ஒரு துப்பட்டாவைப் போர்த்தி அழைத்துப் போகிறேன்.

தெற்குவாசி எழுதியது:

தலைநகர்க்காரர்கள் கண்ணுக்கு எங்கள் தெற்கு எப்போதும் தெரியாது. லா பிரேயா தார் ஏரியை ஒருவரும் இதுவரை சொல்லவில்லை!

உலகிலேயே மிகப் பெரிய இயற்கைத் தார்ப் படிவு. பரப்பு சுமார் 40 ஹெக்டேர், நடுவில் ஆழம் 75 மீட்டர் வாக்கில். 1595இல் ஆங்கிலேயக் கடலோடி வால்டர் ராலே இங்கே வந்து தன் கப்பல்களின் இடுக்குகளை இந்தத் தாரால் அடைத்துக்கொண்டு போனார். வாஷிங்டனில் பென்சில்வேனியா அவென்யூவுக்கு 1876இல் இந்தத் தாரைப் போட்டார்கள்.

ஏரி என்றதும் தண்ணீரை எதிர்பார்த்து வருபவர்கள் முதலில் ஏமாந்து போகிறார்கள். பார்ப்பதற்கு ஏதோ பெரிய வாகன நிறுத்துமிடம். இறங்கி நடந்தால்தான் விஷயம். மேற்பரப்பு யானைத்தோல்: சாம்பல் நிறம், மடிப்பு மடிப்பாகச் சுருக்கம். சில இடங்களில் கால் வைத்துச் சற்று நின்றால் மெல்ல உள்ளே அமுங்கும், எடுத்தால் தடம் மெதுவாக நிரம்பிவிடும். வழிகாட்டி ஒரு குச்சியை மென்மையான இடத்தில் செருகி இழுப்பார், கருப்பாக நூல் நூலாக நீண்டு வரும். மடிப்புகளுக்கு நடுவே மழைநீர் தேங்கிய பள்ளங்கள், அவற்றில் அல்லிப் பூ, சின்ன மீன். கந்தக நீரில் குளித்தால் தோல் நோய் போகும் என்று உள்ளூர் மக்கள் வந்து முங்குவார்கள். மழைக்காலத்தில்தான் அந்தக் குளங்கள் நிறைந்திருக்கும், மார்ச்சில் நடக்க இடம் அதிகம். ஊருக்குள் சாலைகளும் வீடுகளும் கூட அடியிலுள்ள தார் நகர்வதால் சாய்ந்தும் நெளிந்தும் கிடக்கும். அதைப் பார்க்கவே வரலாம்.

வழிகாட்டி இல்லாமல் மட்டும் உள்ளே போகாதீர்கள். எந்த இடம் தாங்கும், எந்த இடம் இழுக்கும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். பழைய செருப்பு போதும். புதிய ஷூவோடு வந்தால் அதை அங்கேயே விட்டுவிட்டுப் போக வேண்டியிருக்கும்.

வாட்டர்லூ கோயில், தார் ஏரி, கரோனி மூன்றையும் ஒரே நாளில் முடிக்கலாம். காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் தாராளமாக முடியும்.

கரோனிக்கரை எழுதியது:

முடிக்கலாம், பார்க்க முடியாது. போர்ட் ஆஃப் ஸ்பெயினிலிருந்து லா பிரேயா ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. சான் பெர்னாண்டோ தாண்டினால் சாலை குறுகலாகிவிடும். பத்து மணிக்கு மேல் தார் சூடேறும், நிழல் கிடையாது. அங்கிருந்து அரக்கப் பரக்க வாட்டர்லூ, பிறகு நான்கு மணிப் படகு. மாமியார் அடுத்த மூன்று நாள் படுத்துவிடுவார்.

தெற்குவாசி எழுதியது:

என் அம்மா எழுபது வயதில் வந்து அந்த மூன்றையும் ஒரே நாளில் பார்த்தார்.

கரோனிக்கரை எழுதியது:

உங்கள் காரில், உங்கள் வீட்டில் மதியம் படுத்து எழுந்து பார்த்திருப்பார். இவர்களுக்கு அங்கே வீடு இல்லையே ஐயா.

தெற்குவாசி எழுதியது:

சரி, அது உண்மைதான். அப்படியானால் தார் ஏரிக்குத் தனி நாள் வையுங்கள். காரின்றி வருவதற்கு ஒரு வழி சொல்கிறேன். தலைநகரிலிருந்து சான் பெர்னாண்டோவுக்கு நீர் டாக்ஸி ஓடுகிறது, முக்கால் மணி நேரம் சுமார், டிக்கெட் விலை குறைவு. ஆனால் அதன் நேரங்கள் தெற்கிலிருந்து தலைநகருக்கு வேலைக்குப் போகிறவர்களுக்காக வகுத்தவை. எதிர்த்திசையில் படகுகள் குறைவு, வார இறுதியில் இன்னும் குறைவு. முதல் நாளே அட்டவணை பார்த்துக்கொள்ளுங்கள். சான் பெர்னாண்டோவிலிருந்து டாக்ஸி பேசிக்கொண்டு லா பிரேயா வரலாம். திரும்பும் வழியில் டெபே ஊரில் நிறுத்தச் சொல்லுங்கள். சாலையோரக் கடைகளில் சஹீனா, புலோரி, ஆலு பை எல்லாம் சுடச்சுடக் கிடைக்கும், எல்லாம் சைவம்.

மாம்பலம்_மல்லி எழுதியது:

சைவம் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மாமியாருக்காகப் புளிக்காய்ச்சல் பாட்டில்கள் எடுத்துப் போவதாக இருந்தேன். வெளியே என்னதான் சாப்பிடலாம்?

கரோனிக்கரை எழுதியது:

புளிக்காய்ச்சலை எடுத்து வாருங்கள், எனக்கும் ஒரு பாட்டில் கொடுங்கள். ஆனால் பட்டினி கிடக்க வேண்டிய ஊரல்ல இது. காலையில் டபுள்ஸ். மஞ்சள் சேர்த்த மைதா மாவில் பொரித்த மெல்லிய பாரா இரண்டு, நடுவில் கொண்டைக்கடலைக் கறி, மேலே வெள்ளரி, புளிச் சட்னி, மிளகாய்ச் சாறு. ‘ஸ்லைட்’ என்று சொன்னால் காரம் கொஞ்சம். காகிதத்தில் வைத்துத் தருவார்கள், ஓரத்தைக் கிழித்து மடித்துச் சாப்பிட வேண்டும். ஒன்பது பத்து மணிக்குள் நல்ல கடைகள் காலியாகிவிடும். மதியத்துக்கு ரொட்டிக் கடைகளில் தால்பூரியும் பூசணிக்காய், கீரை, உருளைக்கிழங்கு-கடலைக் கறிகளும். மாட்டிறைச்சியும் கோழியும் அதே மேடையில் இருக்கும். கரண்டி மாறாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், முகம் சுளிக்க மாட்டார்கள். சைவ நோன்பு இருக்கும் குடும்பங்கள் இங்கே ஏராளம், அவர்களுக்குப் பழகிய வேண்டுகோள்தான்.

மராகாஸ் கடற்கரையில்தான் சைவத்துக்குத் திண்டாட்டம். அங்கே பேர்போனது ‘பேக் அண்ட் ஷார்க்’: பொரித்த ரொட்டிக்குள் பொரித்த சுறா. மீன் வேண்டாம் என்றால் ரொட்டிக்குள் காய்களும், புளி, பூண்டுச் சாறுகளும், ‘சாடோ பெனி’ என்ற காட்டமான இலைச் சட்னியும் வைத்துத் தருவார்கள். பொரிக்கும் எண்ணெய் தனியா என்று கேட்டுவிடுங்கள். நான் சாப்பிடுபவன்தான், ஆனாலும் சுறா குறைந்து வருவதை நினைத்து இப்போதெல்லாம் வேறு மீன் கேட்கிறேன்.

கப்பல்காரன் எழுதியது:

மராகாஸ் சாலையின் கதை யாருக்காவது தெரியுமா? 1941இல் சகுவாரமாஸ் பகுதி முழுவதையும் அமெரிக்கக் கடற்படைத் தளத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். அங்கிருந்த கடற்கரைகள் உள்ளூர் மக்களின் கையை விட்டுப் போயின. அதற்கு ஈடாக அமெரிக்கர்கள் மலையைக் குடைந்து வட கடற்கரைச் சாலையை 1944இல் போட்டுக் கொடுத்தார்கள். ஒரு பக்கம் காடு, ஒரு பக்கம் பள்ளத்தில் கடல். மேலே காட்சி மேடையில் அன்னாசியை உப்பு, மிளகாய், பூண்டு போட்டுப் பிசறித் தருவார்கள். உங்கள் மாமியாருக்குக் கடல் வேண்டாம் என்றாலும் அந்த மேடை வரை அழைத்துப் போங்கள்.

கடலில் இறங்கினால் சிவப்பு-மஞ்சள் கொடிகளுக்கு நடுவில் மட்டும். நீரோட்டம் இழுக்கும். இதை நான் சொல்கிறேன் என்றால் நம்புங்கள்.

கரோனிக்கரை எழுதியது:

ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம். ஊரே அங்கே இருக்கும், அந்த மலைச் சாலையில் வண்டிகள் நகராது. வார நாளில் போனால் கடற்கரை பாதி காலி. பஸ் அரிது, டாக்ஸி பேசிக்கொண்டு போவதே நல்லது. சட்டப்படியான வாடகை வண்டிகளின் எண்பலகை ‘எச்’ எழுத்தில் தொடங்கும். ‘பி’ எழுத்தில் தொடங்குபவை சொந்தக் கார்கள். அவற்றிலும் ஆளேற்றுகிறார்கள், நீங்கள் ஏறாதீர்கள்.

பஸ் பிடிக்கும் ஆசை இருந்தால் சிட்டி கேட் போங்கள். பழைய ரயில் நிலையக் கட்டடம்தான் இப்போது பஸ், மாக்சி டாக்ஸி நிலையம். மாக்சி என்பது நம் ஊர் வேன். பட்டையின் நிறத்தைப் பார்த்து ஏற வேண்டும்: கிழக்கே சிவப்பு, தெற்கே பச்சை, தலைநகரும் மேற்கும் மஞ்சள்.

அந்த மஞ்சள் பட்டையில் சகுவாரமாஸ் போகலாம், இப்போது மக்களுக்கே திரும்பி வந்துவிட்ட இடம். டக்கர் பள்ளத்தாக்கில் சாலையின் இரு பக்கமும் மூங்கில் வளைந்து கூரையாக மூடிய ஒரு பாதை உண்டு. ஆரம்பத்தில் சமதளம், மாமியார் நடக்கலாம். காலையில் போனால் மேலே ஊளைக் குரங்குகளின் சத்தம் கேட்கும். பிரதான சாலையிலிருந்து உள்ளே வெகுதூரம் என்பதால் டாக்ஸிதான் வசதி. காஸ்பரி குகைக்கு மட்டும் மாமியாரை அழைத்துப் போகாதீர்கள், படகும் படிக்கட்டுமாக இருக்கும்.

நாரைநோக்கி எழுதியது:

மாமியாரை உட்கார வைத்தே காட்டைக் காட்ட ஒரு இடம் இருக்கிறது. அரிமாவுக்கு வடக்கே மலைமேல் ஆசா ரைட் இயற்கை மையம், 1967இல் பழைய காபி, கோகோ தோட்ட வீட்டில் தொடங்கியது. அந்த வீட்டின் தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் போதும், ரீங்காரச்சிட்டுகள் முகத்துக்கு எதிரே அந்தரத்தில் நிற்கும். வெனிசுவேலா அருகிலேயே, ஒரு காலத்தில் நிலமாகவே ஒட்டியிருந்ததால், இந்தச் சின்னத் தீவில் தென் அமெரிக்கப் பறவைகளும் சேர்ந்து நாட்டில் 480க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. அங்குள்ள குகையில் எண்ணெய்ப் பறவை வசிக்கிறது. இரவில் பழம் தேடிப் போகும், இருட்டில் ‘டிக் டிக்’ என்று ஒலியெழுப்பி எதிரொலியால் வழி பார்க்கும். குஞ்சுகள் அத்தனை கொழுப்பு, அந்தக் காலத்தில் அவற்றைக் காய்ச்சி விளக்கு எரிக்க எண்ணெய் எடுத்தார்கள். குகைப் பாதை செங்குத்து, வழிகாட்டியோடு நீங்களும் மகனும் போய் வாருங்கள். பெருந்தொற்றில் மூடிக் கிடந்த இடம், எனவே திறந்திருக்கும் நாளைக் கேட்டு முன்பதிவு செய்துகொண்டுதான் மலையேற வேண்டும்.

மார்ச்சில் தோணியாமைகள் முட்டையிட வரத் தொடங்கும். கிழக்குக் கரையில் மட்டூரா. ஆனால் இரவில்தான் வரும், அனுமதிச் சீட்டு வேண்டும், வீடு திரும்ப நள்ளிரவு தாண்டிவிடும். அங்கேயே தங்குவதாக இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

காரைக்கால்_பேரன் எழுதியது:

தலைநகருக்குப் பக்கத்திலேயே இருக்கும் இரண்டை விட்டுவிட்டீர்கள்.

ஒன்று நெல்சன் தீவு. 1845 மே 30 அன்று ஃபத்தேல் ரசாக் கப்பலில் முதல் ஒப்பந்தக் கூலிகள் வந்தார்கள். 1917 வரை ஒன்றரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவானோர். பெரும்பாலோர் கல்கத்தாவிலிருந்து, ஒரு சிறு பகுதி சென்னையிலிருந்து. 1866 முதல் வந்தவர்களைத் தோட்டங்களுக்குப் பிரித்து அனுப்பும் முன் இந்தத் தீவில்தான் இறக்கி வைத்தார்கள். பிறகு இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தொழிற்சங்கத் தலைவர் யூரியா பட்லரை அங்கே அடைத்தார்கள். இப்போது நீங்கள் போகும் நெடுஞ்சாலைக்கு அவர் பெயர்தான். தேசிய அறக்கட்டளை படகில் அழைத்துப் போகிறது, முன்பதிவு கட்டாயம்.

இன்னொன்று செயின்ட் ஜேம்ஸ் பகுதி, நகர மையத்திலிருந்து பத்து நிமிடம். ஒப்பந்தம் முடிந்த இந்தியர்கள் குடியேறிய இடம். தெருப் பலகைகளைப் படித்துக்கொண்டே போங்கள்: மதராஸ் தெரு, கல்கத்தா தெரு, டெல்லி தெரு. சென்னையிலிருந்து போனவர்களின் வழிவந்த காளி வழிபாடு இன்றும் தீவில் சில கோயில்களில் உண்டு. வேப்பிலையும் தப்பு மேளமும் இருக்கும். தமிழ் பேசுபவர் யாரும் இல்லை. அவை சுற்றுலா இடங்கள் அல்ல, யாராவது அழைத்தால் மட்டும் போங்கள், படம் எடுக்காதீர்கள்.

கப்பல்காரன் எழுதியது:

செயின்ட் ஜேம்ஸ் போகும் வழியில் குயின்ஸ் பார்க் ஓவல். 1971இல் இந்தியா வெஸ்ட் இண்டீஸை முதன்முதலாக ஒரு டெஸ்டில் வென்ற மைதானம். கவாஸ்கருக்கு முதல் டெஸ்ட் என்று எல்லோரும் சொல்வார்கள். இரண்டாம் இன்னிங்ஸில் ஐந்து விக்கெட் எடுத்த நம் வெங்கட்ராகவனை ஒருவரும் சொல்ல மாட்டார்கள். மைதானத்துக்கு வெளியே நின்று ஒரு வணக்கம் போடுங்கள்.

அமைதிவிரும்பி எழுதியது:

நானும் ஒன்று உருப்படியாகச் சொல்கிறேன். டிரினிடாட்டிலிருந்து இந்தியா திரும்புபவர்களுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் வேண்டும். இல்லையென்றால் விமான நிலையத்தில் தனிமைப்படுத்துவார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். அறுபது வயது தாண்டியவர்களுக்கு இந்த ஊசியை யோசித்துத்தான் போட வேண்டும். மாமியாரை அவருடைய மருத்துவரிடம் இப்போதே அழைத்துப் போங்கள், கடைசி வாரத்தில் ஓடாதீர்கள்.

மாம்பலம்_மல்லி எழுதியது:

அமைதிவிரும்பி ஐயா, இது எங்கள் பட்டியலிலேயே இல்லை. மிக்க நன்றி. திங்கட்கிழமையே மருத்துவரிடம் போகிறோம்.

(சில வாரங்கள் கழித்து)

மாம்பலம்_மல்லி எழுதியது:

வந்து சேர்ந்துவிட்டோம். கரோனிக்கரை அண்ணன் சொன்ன வரிசையிலேயே முதல் பயணம். காலையில் கணவரோடு கிளம்பிச் சகுவானாஸில் டபுள்ஸ். மாமியார் ‘ஸ்லைட்’ என்று சொல்ல மறுத்து முழுக் காரம் கேட்டார், இரண்டாவதும் வாங்கினார். பிறகு டாக்ஸியில் வாட்டர்லூ. கோயில் பூட்டியிருந்தது. கொடிகளுக்கு நடுவே ஒரு பாட்டி பூஜை முடித்து வந்துகொண்டிருந்தார். மாமியாரைப் பார்த்ததும் ‘சீதாராம்’ என்று சொல்லிப் பிரசாதத்தைக் கையில் வைத்தார். மாமியாருக்கு ஆங்கிலம் வராது, அந்தப் பாட்டிக்குத் தமிழ் வராது. ஆனாலும் இருவரும் ஒரு கால்மணி நேரம் முழங்கால் வலியைப் பற்றித்தான் பேசினார்கள் என்று அடித்துச் சொல்வேன், கை அசைவிலேயே தெரிந்தது.

அனுமனைப் பார்த்துவிட்டு மூன்றரைக்குப் படகுத்துறை. மகன் மரப்பாம்பு பார்த்தான். பறவைகளைப் பற்றி நாரைநோக்கி எழுதியது குறைவு என்றுதான் சொல்வேன். இருட்டும் வரை நின்றார்கள். ஆறே முக்காலுக்குக் கணவர் அங்கேயே வந்துவிட்டார். நெடுஞ்சாலையில் எதிர்ப்பக்கம் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன, நாங்கள் அரை மணி நேரத்தில் வீட்டில். அடுத்தது தார் ஏரி. தெற்குவாசி அவர்களே, நீர் டாக்ஸி அட்டவணை பார்த்துவிட்டேன், காலைப் படகு இருக்கிறது.

தெற்குவாசி எழுதியது:

வாருங்கள். ஒன்பது மணிக்குள் ஏரியில் கால் வைக்கும்படி வாருங்கள். மாமியாருக்குக் குடை.

அலைமகன் எழுதியது:

இழையில் குறுக்கிடுகிறேன், மன்னிக்கவும். நாங்கள் ஆகஸ்டில் கப்பலில் வருகிறோம். காலை எட்டு மணிக்கு இறங்கி மாலை ஐந்து மணிக்குள் ஏறிவிட வேண்டும். கரோனி போகலாமா?

கரோனிக்கரை எழுதியது:

ஐந்து மணிக்குக் கப்பல் என்றால் கரோனியை மறந்துவிடுங்கள், பறவை உங்கள் கப்பலுக்காக முன்கூட்டி வராது. காலையில் ஜார்ஜ் கோட்டை, செயின்ட் ஜேம்ஸுக்கு மேலே மலையில். 1804இல் கட்டியது. அதன் சமிக்ஞை வீட்டை 1883இல் வடிவமைத்தவர் கானாவிலிருந்து இங்கே கொண்டுவரப்பட்ட அசாந்தி இளவரசர் கோஃபி என்டி. மேலிருந்து பார்த்தால் துறைமுகம் முழுவதும் தெரியும், உங்கள் கப்பலும் தெரியும். அங்கிருந்து மராகாஸ், மதியச் சாப்பாடு, இரண்டு மணிக்கெல்லாம் திரும்பிவிடுங்கள். ஆகஸ்ட் மழைக்காலம், பிற்பகலில் ஒரு கொட்டு கொட்டும். மலைச் சாலையில் மண் சரிந்தால் வழி அடைபடும், அதனால் போகும்போதே டாக்ஸிக்காரரிடம் சாலை நிலவரம் கேளுங்கள். டாக்ஸிக் கட்டணத்தையும் ஏறும் முன் பேசிவிடுங்கள், டிரினிடாட் டாலரா அமெரிக்க டாலரா என்பதையும் சேர்த்து.